நாலு டிஸ்க்கும் மாயவன் குரலும்

மரக்காணத்திலிருந்து கூனிமேடு வரைக்கும் மாயவனின் முகம் தெரியாதவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். குரல் தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. ஆட்டோவின் தலையில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து "அன்பார்ந்த பொதுமக்களே" என்று அது கிளம்பினால், உப்பளத்தில் வாரிக்கொண்டிருப்பவர்கள் பலகையை ஊன்றி நின்று கேட்பார்கள். நாளைக்குத் தண்ணீர் வராது, ஞாயிற்றுக்கிழமை கண் பரிசோதனை முகாம், பெருமுக்கல் மலைக்கோயிலில் விசேஷம், புயல் வருகிறது கடலுக்குப் போகாதீர்கள், இன்னார் இறைவனடி சேர்ந்தார், நல்லடக்கம் மாலை நாலு மணிக்கு. எல்லாவற்றையும் அந்த ஒரு குரல்தான் சொல்லும். ஆஸ்பத்திரியில் கைவிட்டுத் திருப்பி அனுப்பிய பெரியவர் ஒருவர், "மாயவன் இன்னும் சொல்லலியே, அதுக்குள்ள நான் எப்டி சாவறது?" என்று கேட்டுவிட்டு மூன்று வருஷம் இருந்தாராம். இந்தக் கதையை மாயவனே பரப்பியிருக்கவும் கூடும். தன்னைப் பற்றிய கதைகளில் அவருக்குக் கொஞ்சம் ஆசை அதிகம்.

ஆரம்பத்தில் அவரும் உப்பு வாரியவர்தான். ஒரு பாத்தியில் நின்று "தண்ணிய மூடு" என்று கத்தினால் பத்தாவது பாத்தியில் இருப்பவன் மூடுவான். ஒரு நாள் தொழிலாளர் கூட்டத்துக்கு ஆள் கூப்பிட மைக் பிடிக்க வேண்டியவன் வரவில்லை. யாரோ இவரைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார்கள். இறங்கவே இல்லை, இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. பதினாறு வருஷத்துக்கு முன் ராஜவேல் என்பவர் திண்டிவனம் சாலையில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் அறை போட்டார். அதிலிருந்து மாயவன் வெயிலில் கத்த வேண்டியதில்லை. அறையில் உட்கார்ந்து பேசிக் கொடுத்தால் போதும், ஆட்டோ ஊர் ஊராக அதைப் போட்டுக்கொண்டு போகும்.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. பீடிக்கு அதில் பெரும் பங்கு உண்டு, அதை அவர் மறுத்ததில்லை. பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் மிச்சம், கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. ஊரில் வினோதம் என்னவென்றால், பேச்சு போனவரிடம் எல்லோரும் சத்தம் போட்டுப் பேச ஆரம்பித்தார்கள். "எப்டி இருக்கீங்க மாயவண்ணா" என்று காதுக்குள் கூவுவார்கள். அவர் செல்போனை எடுத்து ஒரு விரலால் மெல்லத் தட்டி நீட்டுவார். "காது நல்லாத்தான் இருக்குது." படித்தவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார், அந்த நாட்களில் வீட்டை விட்டு வெளியே வருவதே அபூர்வமாகிவிட்டது.

அவரைத் திரும்ப இழுத்து வந்தவர் ராஜவேல்தான். வேறு ஆள் வைத்துப் பேசிப் பார்த்தார், ஊர் கேட்கவில்லை. "யாரோ சோப்பு விக்கறான் போல" என்று உள்ளே போய்விட்டார்கள். ஒரு நாள் மாயவன் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தார்.

"அண்ணா, உன் குரல் எங்கயும் போகல. பதினாலு வருஷத்து ரெக்கார்டு எங்கிட்ட இருக்குது. எல்லா ஊர் பேரும் சொல்லியிருக்க, எல்லாக் கிழமையும் சொல்லியிருக்க. வேணுங்கறத வெட்டி எடுத்து ஒட்டினா புது அறிவிப்பு. நீயே வந்து செய்யி."

மாயவன் வந்தார். கம்ப்யூட்டரைத் தொட்டே இராத ஐம்பத்திரண்டு வயது ஆள், ஒரு மாதத்தில் சொல்லை வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டார். 2016இன் "அனுமந்தை", 2019இன் "வரும் ஞாயிற்றுக்கிழமை", வேறெங்கோ இருந்து "தவறாமல் வருகை தந்து". ஒட்டு தெரியாமல் சேர்ப்பதில் அவருக்கு ஒரு வெறியே பிடித்தது. இரண்டு மாதம் அந்தக் குரல் மறுபடி ஊரைச் சுற்றியது. அப்புறம் ஒரு காலையில் அந்தப் பெட்டி எழுந்திருக்கவில்லை.

பெட்டி என்றால், ரெக்கார்டு எல்லாம் இருந்த பெட்டி. உள்ளே நாலு ஹார்டு டிஸ்க், இழுப்பறை மாதிரி நாலு அறைகளில் வரிசையாக. ஒவ்வோர் அறையின் தலையிலும் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று ஸ்டிக்கர். வாங்கும்போது கடைக்காரன் சொன்னதை ராஜவேல் வேதவாக்காக எடுத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்: "இதுல ஒரு டிஸ்க் செத்தாலும் ஒண்ணும் போகாது, மிச்சம் மூணும் சேர்ந்து காப்பாத்திடும்." அதனாலேயே வேறெங்கும் ஒரு நகல் எடுத்து வைக்கவில்லை. ஆனால் நாலு டிஸ்க்கையும் சேர்த்து மேய்க்க உள்ளே ஒரு கார்டு இருக்கிறது, அது செத்தால் என்ன ஆகும் என்று கடைக்காரனும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. இரும்பு கேட்டுக்கே துரு பிடிக்கும் ஊரில் ஒரு சின்னக் கார்டு எத்தனை வருஷம் தாங்கும்? உப்புக் காற்று அதை அரித்துவிட்டது. கூடவே ஒரு டிஸ்க்கும் டக் டக் என்று அடித்துக்கொண்டு படுத்துவிட்டது. அதே கார்டு இப்போது கடையில் வருவதில்லை.

ராஜவேல் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அவருக்குப் போனது தொழில், நாலு மாதம் கஷ்டப்பட்டால் வேறொன்று செய்துகொள்வார். மாயவனுக்கு அப்படியில்லை. டாக்டர் ஒரு தடவை எடுத்த குரலை, பெட்டி இரண்டாவது தடவை எடுத்துக்கொண்டது. அதைவிட மோசம், அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் நெஞ்சை அறுத்தது. அதை அவர் யாரிடமும் எழுதிக் காட்டவில்லை.

விசாரித்ததில் பெரிய முதலியார்சாவடியில் தெய்வநாயகி என்ற பெண் டேட்டா மீட்டுத் தருகிறாள் என்று தெரிந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும். சின்னக் கடை, ஏசி குளிர், சுவர் முழுக்கத் திறந்து போட்ட கம்ப்யூட்டர்கள். பெட்டியைக் கொண்டுபோய் வைத்ததும் அவள் முதலில் கேட்ட கேள்வி:

"இது நின்னதுக்கு அப்புறம் யாராச்சும் எதையாச்சும் அமுக்கினீங்களா? ரீபில்டு, பார்மட், ஓகே, யெஸ், ஏதாவது?"

"பயத்துல ஒயரையே புடுங்கிட்டேன்மா" என்றார் ராஜவேல்.

"ரொம்ப நல்லது பண்ணீங்க. பாதிப் பேர் பயத்துல யெஸ் அமுக்கிட்டு வருவாங்க. மொதல்ல ஒவ்வொரு டிஸ்க்கையும் அப்படியே நகல் எடுத்துடறேன். எது செஞ்சாலும் நகல்லதான் செய்வேன், ஒரிஜினல தொடமாட்டேன். செத்த டிஸ்க்க விடுங்க, மூணு போதும்."

ராஜவேலுக்கு மரக்காணத்தில் வேலை இருந்தது. மாயவன் போகவில்லை. நகல் எடுக்க மூன்று நாள் ஆகும் என்றாள், மூன்று நாளும் காலை பஸ்ஸில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். திரையில் ஒரு பச்சைக் கோடு எறும்பு வேகத்தில் நகரும், அதையே பார்த்துக்கொண்டிருப்பார். தெய்வநாயகி அவரிடம் சத்தம் போட்டுப் பேசவில்லை. சாதாரணமாகப் பேசினாள், அவர் தட்டி முடிக்கும்வரை பொறுத்தாள். முதல் நாளே அவளை அவருக்குப் பிடித்துப்போனது. அதனால் நெஞ்சறுப்பு இன்னும் கூடியது.

இரண்டாம் நாள் ஒரு டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தவள் புருவத்தைச் சுருக்கினாள். திருகாணிக் குழியில் காய்ந்த மஞ்சள் பொடி.

"உப்பு அரிச்சா வெள்ளையா வரும், பச்சையா வரும். இது என்னா மஞ்சளா இருக்குது?"

போனில் இருந்த ராஜவேல், "கடலோரம்மா, எல்லாக் கலரும் வரும்" என்றார். மாயவன் வாயைத் திறக்கவில்லை. திறந்தும் பயனில்லை என்பது வேறு, ஆனால் கை செல்போன் பக்கமும் போகவில்லை.

நாலாம் நாள் மூன்று நகல்களையும் வைத்துக்கொண்டு, பெட்டி செய்த வேலையைத் தன் கம்ப்யூட்டரிலேயே செய்து பார்க்க உட்கார்ந்தாள். டிஸ்க்குகளை அறை எண்படி ஒன்று, இரண்டு, நாலு என்று கொடுத்தாள். மூன்றாவதுதான் செத்தது. கொஞ்ச நேரத்தில் கோப்புகளின் பெயர்கள் வரிசையாக வந்து விழுந்தன. "கூனிமேடு தண்ணீர்", "கண் முகாம்", "புயல் இரண்டு". மாயவன் ஸ்டூலைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். அவள் ஒன்றை அழுத்தினாள்.

"அன்பார்ந்த பொது..." என்றது மாயவனின் குரல். அடுத்த நொடி காதைக் கிழிக்கும் கீச்சொலி.

இன்னொன்று, அதுவும் அப்படியே. பத்துக் கோப்பு பார்த்தாள். எல்லாம் ஒரு சொல், அரைச்சொல், பிறகு கூச்சல். மதியம் வரை ஏதேதோ மாற்றிப் பார்த்தாள், சோறு தின்னவில்லை. கடைசியில் நாற்காலியைத் திருப்பினாள்.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும். இந்த மூணுல இன்னொரு டிஸ்க்கும் ரொம்ப முன்னாடியே கெட்டுப் போயிருக்கும்னு தோணுது. அதுல இருக்கறது பழைய குப்பை. ரெண்டு டிஸ்க் போயிட்டா எங்க கொண்டு போனாலும் வராது. ராஜவேல் சார் கிட்டயும் சொல்லிட்டேன். 'சரிம்மா விடு, எடுத்து வச்சுடு'ன்னு சொல்லிட்டாரு."

மாயவன் எழுந்து வாசல்வரை போனார். வெளியே ஈசிஆரில் பஸ் போய்க்கொண்டிருந்தது. வெட்கத்தை வைத்துக்கொண்டு குரலை விடுவதா, வெட்கத்தை விட்டுக் குரலைத் தேடுவதா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். தப்பு செய்தவருக்குத்தான் அதன் கனம் தெரியும். ராஜவேல் அவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்த ஆள், அந்த ஆளின் பதினாலு வருஷத்தை நான்தான் சாகடித்தேன் என்று எப்படி எழுதுவது? ஐந்து நிமிஷம் நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தார். ஒரு விரலால் அவ்வளவு நீளமாக அவர் அதுவரை தட்டியதில்லை.

"தங்கச்சி, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆயுத பூஜை. ராஜவேலு மாமியார் வீட்டுக்குப் போயிட்டாரு, சாவி எங்கிட்ட. மைக்குக்கு, கம்ப்யூட்டருக்கு எல்லாம் பொட்டு வச்சேன். பெட்டிய ஆப் பண்ணி நாலு டிஸ்க்கையும் வெளிய இழுத்து, ஈரத்துணியால தொடச்சி, சந்தனம் குங்குமம் வச்சு, வாழை இலையில சாமி முன்னாடி வச்சுக் கும்பிட்டேன். நமக்குச் சோறு போடறது அதுதானேன்னு செஞ்சேன். அப்புறம் திரும்ப உள்ள தள்ளிட்டேன். நீ கேட்ட மஞ்சள் சந்தனம்தான். அந்தத் தண்ணி பட்டுத்தான் டிஸ்க் செத்துப்போச்சு. ராஜவேலு கிட்ட நீயே சொல்லிடு, எனக்கு மூஞ்சி இல்ல."

தெய்வநாயகி படித்தாள். மறுபடி மேலே போய் ஒரு வரியைப் படித்தாள். திட்டு விழும் என்று மாயவன் தலையைக் குனிந்துகொண்டார்.

"திரும்ப உள்ள தள்ளும்போது, எது எந்த அறையில இருந்துச்சோ அதுலயே வச்சீங்களா?"

மாயவன் நிமிர்ந்தார். அப்படி ஒன்று இருக்கிறதா என்ற முகம். கையை விரித்தார். கைக்கு வந்தபடி வைத்திருந்தார்.

"வச்சதும் பெட்டி ஓடுச்சா?"

தலையாட்டினார். மறுநாளே ஓடியது, ஒரு குறையும் இல்லை.

அவள் மேஜையை ஒரு தட்டு தட்டினாள். "அய்யோ அண்ணா! இத மொத நாளே சொல்லக் கூடாதா?"

அவர் முகம் செத்துப்போனதைப் பார்த்து அவளே அவசரமாகச் சொன்னாள்.

"சந்தனத்தால ஒண்ணும் ஆகலண்ணா. மூணு டிஸ்க்கும் கல்லு மாதிரி இருக்குது. நான் சொல்றத கேளுங்க. இந்தப் பெட்டி ஒரு கோப்ப ஒரே டிஸ்க்குல எழுதாது. பந்தியில பரிமாறுற மாதிரி. மொத இலைக்கு ஒரு கரண்டி, அடுத்த இலைக்கு ஒரு கரண்டி, நாலாவது இலை முடிஞ்சா மறுபடி மொத இலை. நீங்க நாலு பேரையும் எழுப்பி இடம் மாத்தி உக்கார வச்சுட்டீங்க. பரிமாறுற ஆளு, அதான் அந்தக் கார்டு, ஆளோட மொகத்தப் பாத்துப் பாத்துப் போட்டுக்கிட்டே இருந்துச்சு, அதனால ஒண்ணும் தெரியல. இப்ப அந்த ஆளு செத்துட்டாரு. நான் புதுசா வந்து, செவுத்துல ஒட்டியிருக்கற எட நம்பரப் பாத்து அள்ளறேன். சாம்பார் எடுக்க வேண்டிய எடத்துல பாயசம் வருது. டிஸ்க் கெட்டுப்போகல, நான்தான் வரிசையத் தப்பா நம்பிட்டேன்."

மாயவன் வேகமாகத் தட்டினார். "சரியான வரிசை எனக்கு ஞாபகம் இல்லையே."

"வேணாம். நாலு டிஸ்க்கு, இருபத்து நாலு விதமாத்தான் உக்கார முடியும். இருபத்து நாலையும் பாத்துடுவோம். அதான் ஒண்ணு முடிஞ்சுதே."

ஒரு தாளில் இருபத்து நாலு வரிசையையும் எழுதி மாயவனிடம் கொடுத்தாள். முடிந்ததைக் கோடு போட்டு அடிக்கிற வேலை அவருக்கு. ஒவ்வொரு தடவையும் ஒரே கோப்பைத்தான் ஓடவிட்டாள், "புயல் இரண்டு". இரண்டாவது கூச்சல். மூன்றாவது கூச்சல். ஐந்தாவதில் பெயர்ப் பட்டியலே வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் சில நிமிஷம், ஒவ்வொன்றுக்கும் மாயவன் பேனாவால் ஒரு கோடு. ஒன்பதாவதில் "அன்பார்ந்த பொதுமக்களே, வானிலை ஆய்வு" வரை வந்து உடைந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினொன்று, பன்னிரண்டு, மறுபடி கூச்சல். பதினாலாவது வரிசையைக் கொடுத்து அவள் அழுத்தினாள்.

"அன்பார்ந்த பொதுமக்களே, வானிலை ஆய்வு மையம் விடுத்துள்ள எச்சரிக்கையின்படி, எக்கியார்குப்பம் மீனவச் சொந்தங்கள் யாரும் இன்றும் நாளையும் கடலுக்குச் செல்ல வேண்டாம். படகுகளை மேடான இடத்தில்..."

நிற்கவில்லை. ஒரு நிமிஷம் பன்னிரண்டு விநாடி, முழுசாக ஓடியது. செத்த மூன்றாவது டிஸ்க்கில் இருந்த துண்டுகளையும் மற்ற மூன்றும் சேர்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டன. அந்தக் கடைக்காரன் சொன்னது அந்த மட்டும் பொய்யில்லை. மாயவன் கழுத்துத் துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அழுதார். சத்தமில்லாத அழுகை, தோள் மட்டும் குலுங்கியது. தெய்வநாயகி எழுந்து பின்பக்கம் போய், டீ சொல்லிவிட்டு வருவதாகச் சொல்லி, தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டாள்.

ராஜவேலிடம் மாயவனே எழுதிக் காட்டினார். அவர் இரண்டு தரம் படித்தார். "பூஜ போட்ட, சரி. எனக்கு ஒரு வாய் பொரி எடுத்து வச்சியா?" என்றார். அதோடு விட்டார். மறுவாரமே புது டிரைவ் இரண்டு வாங்கினார். ஒன்று அறையில், இன்னொன்று உப்புக் காற்று எட்டாத பெருமுக்கலில் தங்கை வீட்டு பீரோவில். இந்தத் தடவை யார் சொன்னதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் அறிவிப்பு அனுமந்தையில் கண் பரிசோதனை முகாம். ஆட்டோவில் மாயவனும் ஏறிக்கொண்டார். உப்பளத்து ஓரமாகப் போகும்போது தலைச்சுமையோடு வரப்பில் வந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். "மாயவண்ணா கொரலு!" என்று ஒருத்தி கத்தினாள். அவர் வெளியே தலையை நீட்டிக் கையை ஆட்டினார். ஒன்றரை வருஷம் ஒளிந்து கிடந்த மனுஷன், அன்றைக்கு மூன்று ஊரைச் சுற்றி முடித்தும் இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு தினமும் அறைதான். மீண்டு வந்ததில் வெட்டாத முழுப் பதிவுகளும் இருந்தன, வருஷக்கணக்கில் யாரும் திறந்து பார்க்காதவை. ஊர்ப் பெயர் தேடி அவற்றை ஓடவிடுவார். அறிவிப்புக்கு நடுவே இருமல், "ராஜவேலு, ஃபேனப் போடுடா", டீக்கு யார் போவது என்ற சண்டை. தான் இவ்வளவு கெட்ட வார்த்தை பேசியிருக்கிறோமா என்று அவருக்கே ஆச்சரியம். ஒரு பதிவில் "கூனிமேடு பொதுமக்களின்" என்று சொல்லும்போதே செல்போன் அடித்தது. பதிவை நிறுத்தாமலே எடுத்து, லைன் சரியில்லாமல் கத்திப் பேசியிருக்கிறார். அதைக் கேட்டவர் கை அப்படியே நின்றது. அந்தத் துண்டை மட்டும் வெட்டித் தன் செல்போனில் ஏற்றிக்கொண்டார். ராஜவேலிடம்கூடக் காட்டவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவர் மனைவி அம்சவல்லி பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியருகே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் ஆன நாளிலிருந்து அவள் ஒரு தடவைகூட அவர் எதிரில் கண் கலங்கியதில்லை. பேச்சு இல்லாவிட்டால் என்ன, உயிர் இருக்குதே என்று வருகிறவர்களுக்கெல்லாம் அவள்தான் சமாதானம் சொல்வாள். மாயவன் முன்கட்டில் நின்று, எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அழுத்திவிட்டார்.

"அம்சா! ஏய் அம்சா! காதுல விழலியா?"

"தோ வர்றேன், கை ஈரமா இருக்குது!" என்று பின்பக்கத்திலிருந்து பதில் வந்தது. பாத்திரம் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. இரண்டு எட்டு நடக்கும் சத்தமும் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

கதவருகே வந்து நின்றவள் கையிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் வாயைப் பார்த்தாள், கையிலிருந்த செல்போனைப் பார்த்தாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு வாட்டி கூப்பிடுய்யா" என்றாள்.

மாயவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து மறுபடி அழுத்தினார். இந்தத் தடவை அவள் பதில் சொல்லாமல், முடியும்வரை கேட்டாள்.